கல்சட்டி இருக்கிற வீட்டுப் பிள்ளை ஜியாலஜி படிக்கக் கூடாதா?

வணக்கம்மா.

போன சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்திருந்தபோது வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அந்த அவசரத்தில் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். "கெமிஸ்ட்ரியில 94 வாங்கின புள்ள, கல்லு மண்ணு படிக்கப் போறேங்கறா. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க சார்" என்றீர்கள். அவள் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஏற்காடு போகிற வழியில் பொறுக்கியதாம். அது இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க், அதனால் ஜியாலஜி வேண்டாம் என்கிறீர்கள். நான் அந்த மார்க்கைப் பார்த்துத்தான் படிக்கட்டும் என்கிறேன். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், கொஞ்சம் கேளுங்கள்.

உங்கள் வீட்டில் கல்சட்டி இருக்கும். சேலத்துக்காரர் வீட்டில் இல்லாமல் போகாது. வத்தக்குழம்பு வைத்து இறக்கின பிறகும் கொதித்துக்கொண்டே இருக்குமே, அந்த மாக்கல் சட்டிதான். நகத்தால் கீறினால் மாவாக வருகிற அந்தக் கல்லில் பெரும்பங்கு டால்க் என்ற கனிமம். முகத்துக்குப் போடுகிற பவுடரில் இருப்பதும் அதேதான். ஆனால் மாக்கல் பிறக்கும்போதே மாக்கல்லாகப் பிறப்பதில்லை. மக்னீசியம் நிறைந்த கெட்டியான கரும்பச்சைப் பாறைக்குள் சூடான நீர் விரிசல் வழியாகப் புகுந்து முதலில் அதை செர்பென்டின் என்ற கனிமமாக மாற்றும். பிறகு கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் வந்தால் செர்பென்டினும் உடையும். ஒரு பங்கு டால்க் ஆகும், இன்னொரு பங்கு மக்னீசியம் கார்பனேட் ஆகும், மிச்சம் தண்ணீர். பிளஸ் டூ புத்தகத்தை வைத்துக்கொண்டு உங்கள் மகளே சமன் செய்துவிடக்கூடிய சமன்பாடு இது.

அந்த மக்னீசியம் கார்பனேட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஓமலூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது வெள்ளை வெளேரென்று தெரிகிற வெள்ளைக்கல் மேடு அதுதான். வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். இரும்பு உருக்கும் உலைக்கு உள்பக்கம் பதிக்கிற செங்கல்லுக்கு அதுதான் மூலப்பொருள். அங்கே டியூனைட் என்ற பாறையில் ஆலிவின் என்ற கனிமம் நிறைந்திருந்தது. விரிசல்களில் ஓடிய, கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் அதைக் கரைத்து, அரித்து, வெள்ளை நரம்பு நரம்பாக மேக்னசைட்டை விட்டுவிட்டுப் போனது. இது ஆழம் குறைந்த இடத்தில், அதிகச் சூடு இல்லாமல் நடந்த வேலை.

மேசையில் இருக்கிற கல்லின் கதை இதைவிட ஆழம். சுத்தியலால் ஓர் ஓரத்தைத் தட்டிப் பார்த்தேன் (மகளிடம் சொல்லிவிடாதீர்கள்). உடைந்த முகம் பச்சை கலந்த சாம்பல் நிறம், எண்ணெய் தடவினது போல ஒரு மினுக்கம். சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற ஆங்கிலேயரின் கல்லறையில் இருப்பது இந்த வகைப் பாறை. இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தில் இருந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ல் அவர் பெயரையே இதற்கு வைத்தார். ஏற்காட்டுக்கு ஏறுகிற 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பாறையை வெட்டி ரோடு போட்ட இடங்களில் பார்த்தால் பெரும்பாலும் இதுதான். நாம் கருங்கல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

இந்தப் பாறை இப்படி ஆனது பூமிக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அந்த ஆழத்தில் தண்ணீர் நாம் நினைக்கிற தண்ணீர் இல்லை. 374 டிகிரியையும் 221 பார் அழுத்தத்தையும் தாண்டினால் திரவம் எது, ஆவி எது என்ற பேதமே போய்விடும். அதனால்தான் பாய்மம் என்று பொதுப்பெயர் சொல்கிறார்கள். உப்பும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த பாய்மம் பாறையின் துகள்களுக்கு நடுவே ஊடுருவிப் போகும். போகிற வழியில் சில தனிமங்களைப் பிடுங்கிக்கொள்ளும், சிலவற்றைக் கொடுத்துவிட்டுப் போகும்.

ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைப்பீர்களே, காலையில் பார்த்தால் காய் தண்ணீர் விட்டிருக்கும். ஹார்ன்பிளெண்ட் என்கிற கருங்கனிமம் தன் படிகத்துக்குள்ளேயே கொஞ்சம் நீரை வைத்திருக்கிறது. சுற்றி உப்புநீரோ கார்பன் டை ஆக்சைடோ வந்து சூழ்ந்தால், அதுவும் மாங்காய் போலத் தன் நீரை விட்டுவிட்டு பைராக்சின் என்ற வறண்ட கனிமமாக மாறிவிடும். பைராக்சின் இருப்பதுதான் சார்னோக்கைட்டுக்கு அடையாளம்.

இது வெறும் கற்பனை இல்லை. கர்நாடகத்தில் கப்பல்துர்கா என்ற இடத்தில் சாம்பல் நிறப் பாறை, விரிசலை ஒட்டி மட்டும் திட்டுத் திட்டாகக் கரும்பச்சைச் சார்னோக்கைட்டாக மாறியிருப்பதை சி. எஸ். பிச்சமுத்து 1960-ல் எழுதினார். மாறிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோன பாறை. 1971-ல் ஷாக் டூரே என்பவர் நார்வேப் பாறைகளின் படிகங்களுக்குள் நுண்ணோக்கியில் மட்டும் தெரிகிற குமிழிகளைக் கண்டார். உள்ளே அடைபட்டிருந்தது கார்பன் டை ஆக்சைடு. ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலைப் பாறைகளில் ருபீடியம் என்ற தனிமம் குறைவாக இருக்கிறது. எதுவோ அதை வாரிக்கொண்டு போயிருக்கிறது. உப்புநீரா, கார்பன் டை ஆக்சைடா, இல்லை பாறையே பாதி உருகி அந்தக் குழம்போடு போய்விட்டதா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. உங்கள் மகளுக்கும் அந்தச் சண்டையில் இடம் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். "இதெல்லாம் படிச்சு யாருக்கு என்ன?" என்று அவள் அப்பா கேட்டதாகச் சொன்னீர்கள். நியாயமான கேள்வி.

கோலாரில் தங்கம் வந்ததும் இப்படிப்பட்ட பாய்மம் குவார்ட்ஸ் நரம்புகளில் கொண்டுவந்து படியவிட்டதால்தான். எந்தப் பாறை எப்படி நிறம் மாறியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்தான் தாது எங்கே என்று சொல்ல முடியும். கனிமத் தேடலின் அடிப்படையே அதுதான். ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் என்ற திட்டத்தில் 2012-ல் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். இரண்டே வருஷத்தில் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016-ல் முடிவு வெளியானது. நம் வெள்ளைக்கல் மேட்டில் இயற்கை செய்த அதே மாதிரி வேலை. இன்னொன்று பக்கத்திலேயே இருக்கிறது: சந்திரயான்-2 தரையிறங்குவதைச் சோதிக்க நிலவு மண் மாதிரி தேவைப்பட்டபோது நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக் கல்லைத்தான் அரைத்தார்கள். அந்தக் கல்லை இனம் காண்பதில் நம் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜிக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

இதையெல்லாம் கேட்டு உடனே மனம் குளிர்ந்துவிடாதீர்கள். பி.எஸ்சி. ஜியாலஜியோடு நிறுத்தினால் வேலை கிடைப்பது சிரமம்தான். கிரானைட் குவாரி, சிமென்ட் ஆலை, போர்வெல் போடுமுன் நிலத்தடி நீர் பார்க்கும் சின்ன நிறுவனம், இப்படித்தான் தொடங்கும், சம்பளமும் சுமார். (நம் ஊரில் இன்னும் தேங்காயை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் பார்ப்பவருக்குத்தான் கிராக்கி, அது வேறு விஷயம்.) எம்.எஸ்சி. வரை ஐந்து வருஷம் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வீட்டில் முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், வேறு வழி பார்ப்போம்.

எம்.எஸ்சி. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திலும் (ஜி.எஸ்.ஐ.) மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் சேருவதற்கான பாதை அது. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32. கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பொதுத்துறை நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. மாநிலத்தில் புவியியல் மற்றும் சுரங்கத்துறையில் உதவிப் புவியியலாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைக்கிறது, ஆனால் இடங்கள் குறைவு, அறிவிப்பும் அடிக்கடி வராது. பாறையும் பாய்மமும் என்று ஆராய்ச்சியிலேயே போக ஆசைப்பட்டால் நெட் (NET) தகுதித் தேர்வு எழுதி பி.எச்டி. செய்ய வேண்டும். அது நீண்ட பயணம், அவசரப்படுகிறவர்களுக்குச் சரிவராது.

பொம்பளைப் பிள்ளையைக் காட்டுக்கும் சுரங்கத்துக்கும் அனுப்புவதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் தெரிந்தது. சுரங்கத்துக்கு அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருந்தது உண்மை. 2019-ல் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குச் சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்துவிட்டார்கள். படிப்பில் களப்பயணம் உண்டு, வெயிலில் நடக்க வேண்டும். பாறையில் பாய்மம் என்ன செய்தது என்று பார்க்கிற வேலையில் பாதிக்கு மேல் ஆய்வகத்தில்தான், நுண்ணோக்கிக்கு முன்னால்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கவனமாக இருப்பேன். பல வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பையனை, "எதுக்குப்பா கல்லு, இன்ஜினியரிங் போ" என்று திருப்பிவிட்டேன். ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருஷம், அதன்பின் விருப்பமே இல்லாத ஒரு வேலை. போன பொங்கலுக்கு வந்தவன் சட்டைப்பையிலிருந்து கல் எடுத்துக் காட்டினான். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

விண்ணப்பத்துக்கு வருவோம். சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஜியாலஜி இருக்கிறது, கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். இணையத்தில் பதியும்போது ஒன்றைப் பாருங்கள். தமிழில் ஜியாகிரபியையும் புவியியல் என்கிறார்கள், ஜியாலஜியையும் சில இடங்களில் புவியியல் என்கிறார்கள், சில இடங்களில் நிலவியல். இந்தக் குழப்பத்தில் வேறு துறையில் போய் உட்கார்ந்து அழுத பிள்ளைகள் உண்டு. ஆங்கிலப் பெயரைச் சரிபார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். முதல் விருப்பம் ஜியாலஜி, இரண்டாவது கெமிஸ்ட்ரி என்று போடட்டும். ஜியாலஜி கிடைக்காமல் போனாலும் பாறையின் ரசாயனத்துக்குக் கெமிஸ்ட்ரி வழியாகவும் பின்னால் வந்து சேரலாம்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வாருங்கள், கூட்டம் இருக்காது. மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் மூன்றுக்கும் நகல் எடுத்து வையுங்கள். அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கல்லை அவரிடம் நான் கொடுக்கிறேன், அது என்னவென்று அவளே அவருக்குச் சொல்லட்டும்.