பெர்லின் பில்ஹார்மோனிக்கை உருவாக்கியவர் யார்: நிகிஷா, ஃபுர்ட்வேங்லரா, கராயனா?

மூவரும் இல்லை. பெர்லின் பில்ஹார்மோனிக் என்ற ஆர்கெஸ்ட்ராவை (பெரிய இசைக்குழுவை) வெவ்வேறு காலத்தில் முன்னால் நின்று கைகாட்டி நடத்திய கண்டக்டர்கள் இவர்கள், உருவாக்கியவர்கள் அல்ல. கராயன் இசைத்தட்டுகளில் ஆரம்பித்து, பழைய பதிவுகளைத் தேடிப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். அந்த வழியாக வருகிறவர்களுக்கு உறையில் பெரிதாக இருக்கும் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

1882-இல் பெர்லினில் பெஞ்சமின் பில்ஸே நடத்திய குழுவில் 54 பேர் அவரை உதறிவிட்டு வெளியேறினார்கள். வார்சா பயணத்துக்கு அவர் நாலாம் வகுப்பு ரயில் பெட்டியில் அனுப்பப் பார்த்ததுதான் கடைசித் துரும்பு. வந்தவர்கள் தங்களையே முதலாளிகளாக வைத்து ஒரு குழு அமைத்தார்கள். ஸ்கேட்டிங் மைதானமாக இருந்த கட்டடம் அவர்களது அரங்கமாயிற்று. கச்சேரி ஏஜெண்ட் ஹெர்மன் வோல்ஃப் பொறுப்பேற்று ஹான்ஸ் ஃபான் ப்யூலோவைக் கொண்டுவந்தது 1887-இல். அதாவது, பெயர்பெற்ற கண்டக்டர் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே ஆர்கெஸ்ட்ரா இருந்தது.

ப்யூலோவுக்குப் பின் வந்த கண்டக்டர்களின் வரிசை வேண்டுமென்றால்: நிகிஷ் 1895 முதல் 1922 வரை. பிறகு ஃபுர்ட்வேங்லர். 1945 மே 26 அன்று, ஜெர்மனி சரணடைந்த 18-ஆம் நாள், லியோ போர்ஷார்ட் டிட்டானியா பலாஸ்ட் என்ற அரங்கில் முதல் கச்சேரியை நடத்தினார். நாஜிகள் தடைசெய்திருந்த இசையமைப்பாளர் மெண்டல்சனின் இசையில் தொடங்கினார். ஆகஸ்டில் ஓர் அமெரிக்கக் காவல் வீரனின் குண்டுக்கு அவர் பலியானதும் செலிபிடாகே வந்தார். 1952-இல் ஃபுர்ட்வேங்லர் மறுபடி பதவியேற்று 1954-இல் இறந்தார். கராயன் 1989 வரை. பிறகு அப்பாடோ, 2002-இல் ராட்டில், 2019-இல் பெட்ரென்கோ.

இந்தப் பட்டியலில் தெரியாத விஷயம் வாக்குச்சீட்டு. புதிதாகச் சேர்பவருக்குத் தேர்வு வாசிப்பு, பிறகு தகுதிகாண் காலம், முடிவில் உறுப்பினர்களின் வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லையென்றால் வெளியேறவேண்டியதுதான். கராயனுக்கே இது உறைத்தது. 1982-இல் கிளாரினெட் கலைஞர் சபீனே மேயரைச் சேர்க்க அவர் விரும்பியபோது 73 பேர் எதிர்த்தும் 4 பேர் ஆதரித்தும் வாக்களித்தார்கள். மேயரின் தொனி மற்ற ஊதுகருவிகளோடு கலக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். பெண் என்பதால்தான் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. அந்தச் சந்தேகம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. தலைமை கண்டக்டரையும் இவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2015 மே மாதம் ஒரு தேவாலயத்தில் நாள் முழுக்க வாக்களித்தும் முடிவு எட்டவில்லை. ஜூனில்தான் பெட்ரென்கோ தேறினார்.

1934-இல் நாஜி அரசு இந்தக் குழுவை வாங்கிக்கொண்டதையும், ஷிமோன் கோல்ட்பெர்க் போன்ற யூதக் கலைஞர்கள் வெளியேற நேர்ந்ததையும் மறைத்துவிட்டு, சுயாட்சிப் பெருமை பாடுவதாக யாரும் நினைக்கவேண்டாம். அந்தப் பத்துப் பதினோரு வருடம் சுயாட்சி செத்துத்தான் கிடந்தது.

அப்படியானால் கண்டக்டர் வெறும் அலங்காரமா? இல்லை. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் முதல் ஐந்து அளவைகளை (தாளக் கட்டங்களை) மட்டும் போட்டுக் கேளுங்கள். முதல் அளவை ஒலியோடு தொடங்குவதில்லை. அரைத் துடிப்பு மௌனம், பிறகுதான் மூன்று குட்டை ஸ்வரங்கள், அடுத்து நீட்டி நிறுத்தும் ஒரு ஸ்வரம். இதே அமைப்பு உடனே இன்னொரு முறை வரும். மௌனத்துக்குக் கை காட்டவேண்டும். காட்டியது தெளிவில்லாவிட்டால் வயலின்கள் ஒருவர் பின் ஒருவராக விழும், அல்லது மூன்று ஸ்வரமும் உருண்டு திஸ்ரம்போல ஒலிக்கும். அடுத்து, இரண்டாவது நீட்டல் முதலாவதைவிட ஓர் அளவை அதிகம் என்று பீத்தோவன் எழுதியிருக்கிறார். யார் அதை மதிக்கிறார், யார் இரண்டையும் ஒரே நீளத்தில் நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

இதே சிம்பொனியின் நிகிஷ் பதிவில் (1913) மைக் கிடையாது. ஒரு புனலைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து வாசித்தது. அதை வைத்து ஒலியின் கனத்தை எடைபோடாதீர்கள், வேகத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனியுங்கள். ஃபுர்ட்வேங்லரின் 1947 மே பதிவில், நடுங்கி இறங்கும் அவரது கை எந்தக் கணத்தில் தட்டுகிறது என்று தெரியாமல், வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சேர்வதால் ஒலி அகன்று விரியும். கராயனின் 1962 பதிவில் எல்லாம் இழைந்து ஒரே ஓட்டம். அப்பாடோ 2000 வாக்கில் இசைத்தாளின் திருத்திய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தந்திக் கருவி வாசிப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். டிம்பனி என்ற பெரிய முரசு எலும்பு தெரிகிற மாதிரி கேட்கும்.

ஒரு பொருமல். பாட்டு ஆப்களில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி "பாட்டு" ஆக்கிவிட்டார்கள். இந்தச் சிம்பொனியின் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காவதுக்குள் பாய்கிறது: டிம்பனி அடங்கித் தட்டிக்கொண்டே இருந்து, சட்டென்று பெருகி, டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவிகள் முதன்முறையாக உள்ளே வருகிற இடம். சரியாக அங்கேதான் அரை நொடி வெட்டு விழுகிறது, அல்லது விளம்பரம் வருகிறது. அமைப்புகளில் இடைவெளியில்லாமல் ஒலிப்பதற்கான தெரிவை (gapless) இயக்கிவிட்டு, ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலந்து இசைப்பதை (crossfade) அணைத்துவிடுங்கள். கராயன் பெர்லினோடு மூன்று முறை பீத்தோவன் சிம்பொனிகளின் முழுத் தொகுப்பைப் பதிவுசெய்திருக்கிறார், 60-களிலும் 70-களிலும் 80-களிலும். எது எந்தப் பதிவு என்று காட்டும் ஆண்டைப் பெரும்பாலும் ஆப் சொல்லாது, உறைப் படத்தைப் பெரிதாக்கித்தான் பார்க்கவேண்டும்.