கோவிலுக்கும் காபிக்கும் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: தென்சென்னைப் புறநகரில் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். நங்கநல்லூரில் கேட்கும் விலைக்கும், வேளச்சேரியைத் தாண்டினால் அதே சதுர அடிக்குக் கேட்கும் விலைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. காரணம் கேட்டால் ஒருவர் “ஆஞ்சநேயர் கோவில் பக்கத்திலேயே” என்கிறார். இன்னொருவர் “நல்ல டிகிரி காபி கிடைக்கும்” என்கிறார். தரகரோ “டீசன்ட்டான ஏரியா” என்கிறார். வேடிக்கையான இந்தக் காரணங்களுக்காகப் பல லட்சம் கூடுதலாகக் கொடுப்பது சரியா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: காபிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், ஆனால் அந்தக் காபிக் கடை அங்கே எப்படி வந்தது என்பதற்கு மதிப்பு உண்டு. ஒரு பகுதிக்கு நல்ல பெயர் கிடைத்ததற்கான உண்மையான காரணங்கள் காலப்போக்கில் மறந்துபோய், கண்ணுக்குத் தெரிபவை மட்டும் பேச்சில் நின்றுவிடுகின்றன. நங்கநல்லூரில் 32 அடி ஆஞ்சநேயர் எழுந்தருள்வதற்கு வெகுகாலம் முன்பே, 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மின்சார ரயில், மாதச் சம்பளக்காரர்களை அந்தத் தடத்தை ஒட்டிய ஊர்களில் குடியேற வைத்தது. அவர்களை நம்பிப் பள்ளிகளும் மருந்துக் கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் வந்தன. 2016இல் மெட்ரோ ரயிலும் சேர்ந்துகொண்டது. வண்டி எடுக்காமல் அன்றாடத் தேவைகளை முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பயன். வயதான பெற்றோர் உங்களுடன் இருந்தால் இதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறே இல்லை.

உங்களிடம் காரணம் சொன்ன மூவரில் ஒருவர்கூட நிலத்தின் மேடு பள்ளத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. தென்புறத்து ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு என்னும் கால்வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால், அதன் ஓரத்தில் எத்தனை அழகான அடுக்குமாடி எழும்பினாலும் அந்த நீரின் பாதை மாறிவிடாது. பெருமழை அறிவிப்பு வந்தவுடன் வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறார்களே, அந்த இடத்தைப் பற்றி அதைவிடத் தெளிவான விளம்பரம் எதுவும் இருக்க முடியாது.

ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் போய் வீட்டைப் பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடமும் பால் போடுபவரிடமும் 2015இல் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள். விற்று லாபம் பார்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. வீட்டின் தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், சாலையை அடுத்த முறை உயர்த்திப் போடும்போது அது இன்னும் தாழும். கோடைக்கும் இதே அக்கறை வேண்டும்: 2019இன் தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு செலவானது என்று குடியிருப்போர் சங்கத்தின் பராமரிப்புக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

“டீசன்ட்டான ஏரியா” என்ற சொல்லை நான் அடியோடு மறுக்கிறேன். யார் என்ன சாதி, என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து வீடு கொடுக்கும் வழக்கத்துக்கு இந்நகரத்தில் அது பூச்சு மொழியாகப் பயன்படுகிறது. அதற்கு விலை கொடுப்பவர் அந்த வழக்கத்தையே வளர்க்கிறார். தெருவிளக்கு எரிகிறதா, இரவு பத்து மணிக்குப் பெண்கள் ரயில் நிலையத்திலிருந்து அச்சமின்றி நடந்து வருகிறார்களா என்று பாருங்கள். ஒழுங்கு என்பதற்கு அதுவே சரியான அளவுகோல்.

கடைசியாக, பழைய அடுக்குமாடிகளில் சதுர அடி விலையை மட்டும் ஒப்பிட வேண்டாம். நல்ல பெயருக்கான விலை பெரும்பாலும் நிலத்தில்தான் இருக்கிறது. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழக்கும். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், திட்ட அனுமதி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டும்போதே, பத்திரத்தில் உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத பாகம், அதாவது மொத்த மனையில் உங்கள் வீட்டுக்கு உரிய நிலப் பங்கு, எத்தனை சதுர அடி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் ஒரே விலைக்கு இரண்டு வீடுகள் கிடைத்தால், மற்றவை சமமாக இருக்கும்வரை, அந்தப் பாகம் கூடுதலாக உள்ள வீட்டையே வாங்குங்கள்.