'50 வருஷமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?'

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. அவர் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனால் வயிற்றைக் கலக்குகிறது. சொன்னால், "50 வருஷமா ஓட்டுறேன், ஒரு விபத்து கிடையாது" என்கிறார். ஓட்டுகிறவருக்குத்தானே தன் திறமை தெரியும்? நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா மனதார நம்பித்தான் சொல்கிறார், ஆனால் வயதானவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் மார்க்கும், சாலையில் ஓட்டச் சொல்லிப் பார்த்துப் போடும் மார்க்கும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. பாவம், பெரியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 1981-ல் ஓலா ஸ்வென்சன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தங்கள் திறமையைப் பாதிப் பேருக்கு மேலே வைத்தார்கள்.

அவருக்கு ஏன் தெரிவதில்லை என்றால், தப்பு நடந்த சேதியே அவரிடம் வந்து சேர்வதில்லை. எதிரே வண்டி வரும்போது குறுக்கே திருப்புகிறார், தூரத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார், எதிரே வந்தவர் சட்டென்று பிரேக் போட்டுக் காப்பாற்றிவிடுகிறார். ஹார்ன் சத்தம் கேட்டால், "என்ன அவசரமோ இவனுக்கு" என்று அப்பா போய்விடுவார். விபத்து இல்லாத அந்த 50 வருஷத்தில், குறிப்பாகக் கடைசிச் சில வருஷங்களில், மற்றவர்கள் போட்ட பிரேக்குக்கும் பங்கு இருக்கலாம்.

கண்ணும் அப்படித்தான். 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் உறைப்பதில்லை. கண் மருத்துவரின் சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடகடவென்று வாசித்துவிடுபவருக்கும் ஓரத்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாமல் போகலாம்.

அதனால் "நல்லா ஓட்டுறீங்களா?" என்று கேட்காதீர்கள். எதிர் விளக்கு கூசிய பிறகு சாலை தெரிய எவ்வளவு நேரமாகிறது, பின்னால் எடுக்கும்போது கழுத்து திரும்புகிறதா, வண்டிகள் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள், இதற்கெல்லாம் பெரியவர்கள் ஒளிக்காமல் பதில் சொல்வார்கள். இரவிலும் மழையிலும் ஓட்டுவதைத் தானாகவே விட்டவர்கள் நிறையப் பேர். அப்பாவும் அப்படி எதையாவது விட்டிருந்தால் பாராட்டிவிட்டு அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ஞாபக மறதி தொடங்கியிருந்தால் மட்டும் அவர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், தன் குறையை உணர்வதே அப்போது மங்கிவிடலாம்.

அப்புறம், கண் மருத்துவரிடம் ஓரப்பார்வையையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அனுபவமுள்ள கார் ஓட்டும் பயிற்சியாளர் ஒருவர் அப்பாவோடு ஒரு மணி நேரம் போய் வரட்டும். மகன் சொன்னால் கோபம் வரும் விஷயம், வெளியாள் சொன்னால் காதில் ஏறும்.