பஸ் மட்டும்தான் வரைவேன் என்கிற மாணவன்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு மாலை நேர ஓவியப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள 15 வயது மாணவன் ஒருவன் படிக்கிறான். டவுன் பஸ்ஸைத் தவிர வேறெதையும் வரைவதில்லை. ஆனால் அதைப் பின்கண்ணாடியின் விரிசல்கூட விடாமல் வரைகிறான். பூ ஜாடியை வைத்து வரையச் சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். ‘அவனுக்கு மட்டும் ஏன் சலுகை?’ என்று மற்ற பெற்றோர் கேட்கிறார்கள். நிர்வாகமோ ஆண்டுவிழாவில் அவனை மேடையேற்றி, ‘தெய்வக் குழந்தை’ என்று பொன்னாடை போர்த்தப்போகிறது. அவனுடைய அம்மாவுக்கு வேண்டாம் என்று சொல்லவும் தயக்கம். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பொன்னாடையை நிறுத்துங்கள். ஒலிபெருக்கி, கைத்தட்டல், முகத்தில் அடிக்கும் விளக்கு, யாரோ தோளில் போடும் சரிகைத் துணி எல்லாமே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற பிள்ளைக்குத் தண்டனையாகிவிடலாம். அதைவிட எனக்கு உறுத்துவது அந்தப் பட்டம். தெய்வம் என்று கும்பிட்டுவிட்டால், அவன் படத்தை யாரும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. நிழல் தவறாக விழுந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருடம் அவனுக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்று யோசிக்கவும் வேண்டாம். எவ்வளவு வசதி!

நிர்வாகத்துக்குக் கொண்டாட ஆசையிருந்தால், மற்றவர்களின் படங்களுக்கு நடுவே அவன் படத்தையும் சட்டமிட்டு மாட்டட்டும். கீழே தலைப்பு, எந்த வண்ணத்தில் வரைந்தது, அவன் பெயர், அவ்வளவுதான். ஆட்டிசம் என்ற சொல் அந்தச் சீட்டில் வேண்டாம். மாட்டலாமா என்று அவனிடமும் கேளுங்கள். வாயால் பதில் வராவிட்டால் படங்களைத் தரையில் பரப்பி, எது என்று காட்டச் சொல்லுங்கள். எதையும் காட்டாமல் எல்லாவற்றையும் அள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டால், அதுவும் பதில்தான்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டவுன் பஸ்ஸுக்குள் நீங்கள் நடத்தவேண்டிய பாடம் பாதிக்குமேல் இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சக்கரம் வட்டம், சற்றே திரும்பினால் நீள்வட்டம். ஜன்னல் வரிசை தூரம் போகப்போகச் சுருங்குவதைவிட நல்ல பெர்ஸ்பெக்டிவ் பாடம் ஏது? கண்ணாடியில் எதிர்க்கடை தெரிகிறது. வழித்தடப் பலகையில் ‘சுவாமிமலை’ என்ற எழுத்துக்குக்கூட ஓர் அளவும் இடைவெளியும் உண்டு. மழை நேரத்துப் பஸ், இரவில் உள்விளக்கு எரியும் பஸ், பணிமனையில் டயர் கழற்றிய பஸ் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். பிறகு பஸ் நிற்கும் நிறுத்தம், அதன் பின்னால் இருக்கும் கட்டடம். அவன் போகிற பாதையில் நீங்களும் ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

லண்டனில் 1974இல் பிறந்த ஸ்டீபன் வில்ட்ஷயருக்கும் ஆட்டிசம் உண்டு. சிறு வயதில் பேச்சு வரவில்லை. முதலில் விலங்குகளை வரைந்தார், அடுத்து லண்டன் பஸ்களை, அதற்கப்புறம் கட்டடங்களை. பின்னாளில் அங்கேயே ஓர் ஓவியக் கல்லூரியில் முறையாகப் படித்தார். 2005இல் டோக்கியோவை ஹெலிகாப்டரிலிருந்து சிறிது நேரம் பார்த்துவிட்டு, 10 மீட்டர் நீளக் கேன்வாஸில் நினைவிலிருந்தே அந்த நகரத்தை வரைந்தார். இந்தக் கதையை அந்த அம்மாவிடம் சொல்லும்போது கவனம் தேவை. ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இப்படிப்பட்ட நினைவாற்றல் வாய்ப்பதில்லை. ‘உன்னிடமும் ஏதோ அபூர்வம் இருக்கவேண்டும்’ என்று பிள்ளையின் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றிவிடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஜூடித் ஸ்காட்டின் கதை. பிறவியிலேயே அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் டவுன் சின்ட்ரோம் உள்ளவர், காதும் கேட்காது. முப்பது வருடங்களுக்கும் மேல் காப்பகங்களில் அடைந்து கிடந்தவரை, 1987இல் அவருடைய இரட்டைச் சகோதரி அமெரிக்காவின் ஓக்லாந்தில் உள்ள ‘கிரியேட்டிவ் குரோத்’ கலைக்கூடத்தில் சேர்த்தார். ஏறக்குறைய இரண்டு வருடங்கள் அவருக்கு எதிலும் ஆர்வம் வரவில்லை. யாரும் அவரை வெளியேற்றவில்லை. ஒருநாள் நூலும் துணியும் கையில் கிடைத்தன. பொருள்களை உள்ளே வைத்து வண்ண நூலால் சுற்றிச் சுற்றி, ஆள் உயரச் சிற்பங்கள்வரை செய்தார். அவர் இறந்து ஒன்பது வருடங்களுக்குப் பின், 2014இல், நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் அவற்றைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. பூ ஜாடிக்கு நீங்கள் ஒரு மாதம் கெடு வைத்திருந்தால், தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அவன் காதைப் பொத்துவது பூ ஜாடியாலா என்றே எனக்குச் சந்தேகம். ஜாடியை எங்கே வைக்கிறீர்கள்? இரைகிற டியூப்லைட்டுக்குக் கீழேயா, எல்லோரும் வட்டமாக நெருக்கி உட்காரும் இடத்திலா? இடத்தை மாற்றிப் பாருங்கள். சுவரோரம், முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இருக்கை கொடுங்கள். வண்ணம் கரைக்கும் டர்பன்டைனின் நெடி வராமல் பாட்டிலை மூடி வையுங்கள். கரித்தூள் விரலில் ஒட்டுவது பிடிக்காவிட்டால் கரிப் பென்சில் போதும். கையைப் பிடித்து வரைந்து காட்டும் நம் வழக்கம் அவனிடம் வேண்டாம். பக்கத்தில் வேறு தாளில் வரைந்து காட்டுங்கள். ‘இன்னும் நன்றாக வரை’ என்றால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. ‘சக்கரத்துக்குக் கீழே நிழல் போடு’ என்றால் விளங்கும். வகுப்பு முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சலுகை என்று கேட்கும் பெற்றோருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அன்றைய வேலையைப் படிப்படியாகச் சார்ட்டில் எழுதி மாட்டுங்கள், அமைதியான மூலையை எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை என்று ஒன்றிரண்டு பேர் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அவர்களும் வந்து உட்காருவார்கள்.

அம்மாவிடம் ஒரு காரியம் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடங்கள் ஒதுக்கவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் ஊரிலேயே அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுத ஆளோ தேவைப்பட்டால், அதற்கும் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும். இதுவரை அவன் வரைந்த பஸ்களில் ஒன்றையும் எறியாமல், தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கல்லூரி வாசலுக்குப் போகும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கவேண்டுமே.