முட்டை வாடை அடிக்கிற வைனைக் கொட்டிடலாமா?

பிரான்ஸ் லியோன்ல வேலை பாக்குற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "சனிக்கிழமை ஆபீஸ் ஆளுங்க நாலு பேரு வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க. கடைக்காரர் பேச்சை நம்பி, இங்கேயிருந்து வடக்க இருக்கிற மொர்கோன் பக்கத்து நேச்சுரல் வைன் (கடை ஈஸ்ட் போடாம, சல்ஃபைட் இல்லாம இல்ல ரொம்பக் கம்மியா செய்றது) மூணு பாட்டில் வாங்கினேன். ஒன்ன திறந்து பாத்தா லேசா அவிச்ச முட்டை வாடை, நாக்குல சுருக்குனு குமிழி, அடியில கலங்கல் வேற. கெட்டுப் போச்சா? இதுக்கு என்ன சமைக்கிறது?"

அவசரப்பட்டு கொட்டிடாதீங்க தம்பி. முட்டை வாடை கந்தகத்தால வர்றது, அதிகமா காத்து படாம நொதிச்ச வைன்ல ஈஸ்ட் விட்டுட்டுப் போறது, லேசா இருந்தா ஜாடியில ஊத்தி நாலு சுத்து சுத்தி அரை மணி நேரம் வெச்சா பெரும்பாலும் ஓடிடும். குமிழி நொதிக்கும்போது வந்த கார்பன் டை ஆக்சைடு, சல்ஃபைட் (வைன் கெடாம இருக்கப் போடுற கந்தகச் சேர்மம்) போடாதவங்க பல பேர் அதைக் கொஞ்சம் வேணும்னே விட்டு வைப்பாங்க, காத்து உள்ள போய் வைனைக் கெடுக்காம அதுதான் காவல். கலங்கல் ஃபில்டர் பண்ணாததால, மத்த பாட்டிலை முந்தின நாளே நிமித்தி வெச்சுடுங்க, வண்டல் அடியில தங்கிடும்.

நிஜமா பயப்பட வேண்டியது வேற ஒண்ணு, பிரெஞ்சுக்காரங்க 'கூ த சூரி'ன்னு சொல்ற எலி வாடை. இது மோந்து பாத்தா சிக்காது, முழுங்கின பிறகு எச்சில் பட்டு புளிப்பு குறையும்போதுதான் தொண்டையில இருந்து எலிப்பொந்து மாதிரி கிளம்பி வரும். சில பேருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு தடவை நான் முகம் சுளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பக்கத்துல இருந்தவரு பிரமாதம்னு ரெண்டாவது கிளாஸ் கேக்குறாரு! இதுக்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது.

லேபிள்ல 'சல்ஃபைட் உள்ளது'ன்னு இருக்கேன்னு குழம்பாதீங்க, ஈஸ்ட் தானாவே கொஞ்சம் உண்டாக்கும், லிட்டருக்கு 10 மில்லிகிராம் தாண்டினாலே அதைப் போட்டாகணும். ஐரோப்பாவுல சாதாரண ரெட் வைனுக்கு 150 வரைக்கும் அனுமதி. நேச்சுரல் வைனுக்குன்னு பிரான்ஸ்ல 2020ல வந்த 'வான் மெத்தோட் நத்யூர்' முத்திரையில ரெண்டு வகை, ஒண்ணுல சல்ஃபைட் சேர்க்கவே கூடாது, இன்னொண்ணுல 30க்குள்ள. ரெண்டுக்குமே ஆர்கானிக் திராட்சை, கையால பறிக்கணும், கடை ஈஸ்ட் கூடாது.

மொர்கோன் இந்த விஷயத்துல தாய்வீடு மாதிரி. அந்தப் பக்கத்து வைன் வியாபாரியும் வேதியியல் ஆளுமான ஜூல் ஷோவே சல்ஃபைட் இல்லாமலே நல்ல வைன் செய்யலாம்னு சொன்னதைப் பிடிச்சுக்கிட்டு வில்லியே-மொர்கோன்ல மார்செல் லாப்பியேர் குடும்பத் தோட்டத்துலயே செஞ்சு காட்டினாரு, 2010ல அவர் போன பிறகு பிள்ளைங்க பாத்துக்கிறாங்க. அங்க கமேங்கிற கருப்புத் திராட்சை வகை. குலையை நசுக்காம அப்படியே தொட்டியில போட்டு கார்பன் டை ஆக்சைடுல மூடிடுவாங்க, பழத்துக்குள்ளயே நொதிக்க ஆரம்பிக்கும், அதனால துவர்ப்பு கம்மி, பழ வாசனை தூக்கலா இருக்கும்.

சாப்பாட்டுக்கும் இதுதான் கணக்கு. துவர்ப்பு கம்மி, புளிப்பு நல்லா இருக்கு, அப்போ உப்பும் கொழுப்பும் உள்ளது வைங்க. முதல்ல உங்க ஊரு ரோசெட் சோசிசோன் (உலர்த்தின பன்றிக்கறி சாசேஜ்) மெலிசா நறுக்கி, அப்புறம் வெண்ணெய் தடவி அடுப்புல சுட்ட முழுக்கோழி, இல்லன்னா லான்டில் பருப்போட சாசேஜ், முடிவுல சேன் மார்செலேன் சீஸ். கறி சாப்பிடாதவங்க இருந்தா காளான் ஆம்லெட். நம்ம மட்டன் குழம்பு வெக்கணும்னு ஆசையா? வைங்க, காரத்தைப் பாதியாக்கிட்டு, ஏன்னா காரம் ஆல்கஹாலோட எரிச்சலைக் கிளப்பி விட்டுடும். கோம்தே சீஸ் வாங்கி வெச்சிருந்தா இதுக்கு வேண்டாம், ஜுரா பக்கத்து சவாஞான் வெள்ளை வைன் ஒண்ணு கிடைக்கிறப்போ எடுங்க, ரெண்டும் ஒரே மண்ணு. சிப்பின்னா லுவார் பக்கத்து மியூஸ்கதே வெள்ளை வைன், வேற யோசிக்கவே வேணாம்.

சூடு 13, 14 டிகிரி போதும், பரிமாற முன்னாடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜ். மீதி ரெண்டு பாட்டிலையும் கிச்சன் அலமாரியில வெக்காதீங்க, 14 டிகிரிக்கு மேல போனா சல்ஃபைட் இல்லாத வைன் பாட்டிலுக்குள்ளயே திரும்ப நொதிக்க ஆரம்பிச்சுடலாம். திறந்ததை இன்னிக்கு ராத்திரியே ஜாடியில ஊத்தி ருசி பாருங்க, எலி வந்துச்சுன்னா மிச்சத்தைக் கார்க்கோட மூடி பில்லோட கடைக்குக் கொண்டு போங்க, நல்ல கடைக்காரர்னா மாத்திக் குடுப்பாரு.