டேக் அடிக்கும்போதும் முகத்துல இருக்கணும்! வெல்டிங் ஹெல்மெட் – வாசகர் கேள்வி பதில்

பட்டறை பாதுகாப்பு பத்தி கேள்வி அனுப்புங்கன்னு கேட்டிருந்தோம், வந்ததுல முக்கால்வாசி ஹெல்மெட் பத்தித்தான். சேலம், ஆத்தூர், ஏற்காடுன்னு நம்ம பக்கத்துக் கேள்விகளையே இந்த தடவை எடுத்துக்கிட்டேன்.

கொண்டலாம்பட்டி பக்கம் கிரில், கேட் வேலை செய்யற பட்டறை வெச்சிருக்கேன். இத்தனை வருஷமா கைல பிடிக்கிற ஸ்கிரீன்தான். பையன் வெல்டிங் வெளிச்சம் பட்டா தானே கருக்கற ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் வாங்கச் சொல்றான். ஆனா அது கருக்கறதுக்குள்ள வெளிச்சம் கண்ணுக்குள்ள போயிரும், போகப்போக பார்வை மங்கிரும்னு கூட வேலை பார்க்கறவங்க சொல்றாங்க. வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கறது?

தாராளமா வாங்குங்கண்ணா, பையன் சரியாத்தான் சொல்றான்.

அந்த பயத்தை முதல்ல தீர்த்துக்குவோம். வெல்டிங் வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் ஒண்ணு, தெரியாத யூவி கதிர் ஒண்ணு, சூட்டோட வர்ற அகச்சிவப்புக் கதிர் ஒண்ணு. ராத்திரி கண்ணுல மணல் அள்ளிப் போட்ட மாதிரி பண்றது யூவிதான். ஆட்டோ ஹெல்மெட்டோட கண்ணாடியில யூவியையும் அகச்சிவப்பையும் தடுக்கிற ஃபில்டர் படலம் தனியா எப்பவுமே இருக்கு, அதுக்கு கரன்ட்டும் வேண்டாம் பேட்டரியும் வேண்டாம். பேட்டரி தீர்ந்து கண்ணாடி கருக்கவே இல்லைன்னாலும் அந்தக் கதிர் ரெண்டும் உள்ள வராது, வெளிச்சம் மட்டும்தான் பளீர்னு அடிச்சு கண்ணு கூசும். கருக்கற வேலையைச் செய்யறது நடுவுல இருக்கிற எல்சிடி, அதோட வேகம் 1/25,000 செகண்ட்னு போட்டிருப்பாங்க, நாம ஒரு தடவை கண் இமைக்கவே பத்துல ஒரு பங்கு செகண்டுக்கு மேல ஆகுது. ஆனா இதெல்லாம் முறையா டெஸ்ட் பண்ணி முத்திரை போட்ட ஹெல்மெட்டுக்குத்தான் பொருந்தும், ஒரு நம்பரும் இல்லாம வெறும் டப்பால வர்ற சரக்குக்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். கேட்டுக்கு சட்டம் கட்டும்போது ஒரு கைல ஹோல்டர், இன்னொரு கைல ஸ்கொயர் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு டேக் (முழுசா ஓட்டறதுக்கு முன்னாடி பிடிச்சு நிக்க வைக்கிற பொட்டு வெல்டு) அடிக்கறப்ப அந்த ஸ்கிரீன் எங்க இருக்கும்? கீழ தரையில இருக்கும். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஒரு டேக், அடுத்து ஒரு டேக், ஒரு கேட்டுக்கு இப்படி எத்தனைன்னு உங்களுக்கே தெரியும். கண்ணை மூடினாலும் இமைத் தோல்ல கதிர் அடிச்சுக்கிட்டேதான் இருக்கு, கண்ணை ஒரு நொடி முன்னாடி திறந்தாலோ பின்னாடி மூடினாலோ நேரா கருவிழியிலயே அடிக்கும். கிரில் பட்டறையில கண்ணு கெடறது நீளமா ஓட்டற வெல்டுல இல்லைங்க, இந்த டேக்குலதான். தலையில மாட்டற ஹெல்மெட்டுல ரெண்டு கையும் காலியா இருக்கு, ராடை வைக்கிற இடம் முன்னாடியே தெரியுது, அதனால டேக்குக்கும் அது முகத்துலயே இருக்கும். ஆட்டோ ஹெல்மெட் வாங்கச் சொல்றதுக்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்னா, கண்ணாடியோட ஓரத்துல பொடி எழுத்துல ஒரு வரிசை இருக்கும், 4/9-13 அப்புறம் கம்பெனியோட குறி, அப்புறம் 1/1/1/2, கடைசியில 379னு. முதல் 4 வெல்டிங் இல்லாதப்ப இருக்கிற ஷேடு, அதாவது கருப்போட அளவு, நம்பர் ஏற ஏற கருப்பு கூடும். 9-13 கருத்த பிறகு நீங்க திருகி வைக்கக்கூடிய ஷேடு. அந்த நாலு நம்பர் கண்ணாடி எவ்வளவு தெளிவுங்கறது, 1னா நல்லது 3னா மட்டம், கடைசி நம்பர் சாய்ஞ்சு பார்த்தா ஒரே அளவுக் கருப்பு தெரியுதாங்கறதுக்கு. 379ங்கறது ஐரோப்பாவோட ஈஎன் 379 தரம். மேல இருக்கிற கூட்டுக்கு ஈஎன் 175 (புதுசா வர்ற ஐரோப்பியச் சரக்குல இந்த ரெண்டுக்கும் பதிலா 16321னு இருக்கலாம்), அமெரிக்கச் சரக்குன்னா இசட்87.1, நம்ம ஊர் தரம் ஐஎஸ் 1179. இதுல ஒண்ணாவது அச்சாகி இருக்கணும், டப்பா மேல மட்டும் இருந்தா போதாது, கண்ணாடியிலயும் கூட்டுலயுமே இருக்கணும்.

ஷேடு எவ்வளவு வைக்கறதுன்னா, 12 நம்பர் ராடு, 10 நம்பர் ராடு (நம்பர் குறையக் குறைய ராடு தடிமன்), அதாவது 60லிருந்து 160 ஆம்பியர் வரைக்கும் 10 வெச்சா வசதியா இருக்கும், 8க்குக் கீழ போகவே கூடாது. 8 நம்பர் ராடு போட்டு 160க்கு மேல ஏத்தினா 12. முதல்ல கருப்பா வெச்சு ஆரம்பிங்க, உருகின குழம்பு தெரியலைன்னா ஒரு நம்பர் குறைச்சுப் பாருங்க. வெளிச்சமா வெச்சு ஆரம்பிச்சு கண்ணு கூசின பிறகு ஏத்தறது தப்பு.

கடையிலேயே மாட்டிப் பாருங்க. தலைப்பட்டையை இறுக்கிட்டு நல்லா குனிஞ்சு நிமிருங்க, முன்னாடி சாயுதான்னு பாருங்க. அரை கிலோ எடைதான், ஆனா சாயந்தரம் ஆனா அந்த அரை கிலோ கழுத்தைப் பிடிச்சு இழுக்கும், கழுத்து வலிக்கிற ஹெல்மெட்டை யாரும் மாட்ட மாட்டாங்க. சென்சிட்டிவிட்டியை (எவ்வளவு சின்ன வெளிச்சத்துக்கே கருக்கணும்ங்கற திருகு) முழுசா ஏத்திட்டு சிகரெட் லைட்டரை சென்சார் முன்னாடி பத்த வெச்சா நல்ல ஹெல்மெட் சட்டுனு கருக்கும். அது சென்சார் வேலை செய்யுதான்னு பார்க்க மட்டும்தான், யூவி நிக்குதாங்கறதை லைட்டரை வெச்செல்லாம் கண்டுபிடிக்க முடியாது, அதுக்குத்தான் முத்திரையைப் பாருங்கன்னு சொல்றேன்.

என் வீட்டுக்காரர் அம்மாபேட்டையில ஒரு பட்டறையில ஹெல்ப்பரா இருக்கார். மாசத்துல ரெண்டு மூணு தடவை நடுராத்திரி எந்திரிச்சு கண்ணு எரியுதுன்னு துடிக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா உருளைக்கிழங்கை வெட்டி வெக்கச் சொல்றாங்க, தாய்ப்பால் விடச் சொல்றாங்க, மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து தர்றாங்க, அதை விட்டா உடனே வலி போயிருது. செய்யலாங்களா?

தங்கச்சி, இதுல அந்த சொட்டு மருந்துதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. விட்டவுடனே வலி போகுதுன்னா அது பெரும்பாலும் மரத்துப்போகற மருந்து. கண்ணை டெஸ்ட் பண்ணும்போது டாக்டர் தன் கையால விடறதுக்குத்தான் அது இருக்கு. வீட்டுல வெச்சு விட்டுக்கிட்டே இருந்தா கருவிழி மேல இருக்கிற புண்ணு ஆறாது, வலி தெரியாததால கசக்கவும் செய்வாங்க, பார்வையே போற அளவுக்குக் கொண்டுபோய் விட்டுரும். சிலது ஸ்டீராய்டு கலந்ததா இருக்கும், அதுவும் டாக்டர் பார்க்காம வேண்டாம். உருளைக்கிழங்கு, தாய்ப்பால் ரெண்டும் வேண்டாம், புண்ணுல கிருமிதான் சேரும்.

வேலை முடிஞ்சு ஆறுலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் இந்த எரிச்சல் ஆரம்பிக்கும், அதான் நடுராத்திரி. அப்ப கசக்க விடாதீங்க, சுத்தமான துணியை குளிர்ந்த தண்ணியில நனைச்சு மூடின கண்ணு மேல வைங்க, ரூம் லைட்டை அணைச்சுருங்க, விடிஞ்சதும் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில கண் பிரிவு இருக்கு. சாதாரணமா ஒண்ணு ரெண்டு நாள்ல ஆறிடும். பார்வை மங்கலாவே இருந்தாலோ, ஒரே கண்ணு மட்டும் வலிச்சாலோ, கிரைண்டிங் பண்ணும்போது ஏதோ தெறிச்சு விழுந்துச்சுன்னு அவர் சொன்னாலோ விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க.

ஆனா மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை வருதுன்னா அது மருந்தால தீர்ற விஷயம் இல்லம்மா. வெல்டர் கையில ஸ்கிரீன் இருக்கு, பைப்பைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிற ஹெல்ப்பருக்கு ஒண்ணும் இல்லை, நம்ம ஊர்ல முக்கால்வாசி பட்டறையில இதுதான் நிலைமை. அவர் நேரா பார்க்கலைன்னாலும் சுண்ணாம்பு அடிச்ச சுவரு, எவர்சில்வர் தகடு, அலுமினியம் இதுலயெல்லாம் பட்டு கதிர் திரும்பி வரும். ஹெல்ப்பருக்கும் தனியா ஒரு ஹெல்மெட் வேணும், சாதாரண கருப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்டே போதும், பெரிய விலை கிடையாது. முதலாளிகிட்ட தயங்காம கேக்கச் சொல்லுங்க. இதைப் படிக்கிற முதலாளிகளுக்கும் சொல்றேன், வாங்கிக் கொடுங்க, அது உங்க கடமை.

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி பண்ற சேகோ ஃபேக்டரிகளுக்கு ஸ்டெயின்லெஸ் டேங்க், பைப் வேலை, எல்லாம் உருகாத டங்ஸ்டன் ஊசியை வெச்சு அடிக்கிற டிக் வெல்டிங். ஆட்டோ ஹெல்மெட் வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு, கரன்ட் கம்மியா வெச்சா கருக்குது, தெளியுது, கருக்குதுன்னு கண்ணாமூச்சி ஆடுது. ரிப்பேரா?

ரிப்பேரா இருக்காது தம்பி, அது டிக்குக்கு ஏத்த ஹெல்மெட் இல்லை. ராடு வெல்டிங் வெளிச்சம் முரட்டு வெளிச்சம், எந்த சென்சாரும் பிடிச்சுக்கும். டிக்ல 20, 30 ஆம்பியர்ல எரியற ஆர்க், அதாவது நுனியில எரியற மின்பொறி, சின்னதா அமைதியா இருக்கும், ரெண்டு சென்சார் மட்டும் இருக்கிற ஹெல்மெட்டுக்கு அது சரியா தெரியாது, அதுலயும் பைப்புக்கு அந்தப் பக்கம் ஆர்க் போயிட்டா ஒரு சென்சார் மறைஞ்சே போயிரும். முதல்ல சென்சிட்டிவிட்டியை ஏத்துங்க, டிலேயை (வெல்டு நின்னப்புறம் கண்ணாடி தெளிய எடுத்துக்கற நேரம்) முழுசா வைங்க, சென்சார் மேல புகைப் படலம் இருந்தா துடைங்க, பேட்டரியை மாத்துங்க. அப்பவும் ஆடுச்சுன்னா அதை ராடு வேலைக்கு வெச்சுக்கிட்டு, நாலு சென்சார் இருக்கிறதா, எத்தனை ஆம்பியர் டிக் வரைக்கும் பிடிக்கும்னு எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்க, 5 ஆம்பியர் வரைக்கும் பிடிக்கிறதெல்லாம் இருக்கு. டிக்ல 50 ஆம்பியருக்குள்ளன்னா ஷேடு 10 வைங்க, அதுக்கு மேல 150 வரைக்கும் 12.

நீங்க கேக்கலை, ஆனா ஸ்டெயின்லெஸ்னு எழுதினதால சொல்லியே ஆகணும். ஹெல்மெட் வெளிச்சத்தைத்தான் தடுக்கும், புகையைத் தடுக்காது. ஸ்டெயின்லெஸ் புகையில குரோமியம், நிக்கல் ரெண்டும் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017ல வெல்டிங் புகையையும் வெல்டிங்ல வர்ற யூவி கதிரையும் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்லயே சேர்த்துட்டாங்க. டேங்குக்குள்ள இறங்கி அடிக்கிறவங்க நீங்க, வெளிய இழுக்கிற எக்ஸாஸ்ட் இல்லாம இறங்கவே இறங்காதீங்க. முடிஞ்சா ஹெல்மெட்டுக்குள்ளயே சுத்தமான காத்து ஊதற மாடல் இருக்கு, விலை அதிகம்தான், ஆனா தினமும் ஸ்டெயின்லெஸ் அடிக்கிறவங்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

ஏற்காட்டுல எஸ்டேட் கேட், கைப்பிடி, காபி பல்ப்பர் மெஷின் ரிப்பேர்னு வெளியிலதான் வேலை. பனி நேரத்துல கண்ணாடி உள்பக்கம் ஆவி படியுது. வெயில் வந்தா சும்மாவே கருத்துக்குது. ஆட்டோ ஹெல்மெட் மலைக்கு ஒத்து வராதோ?

நல்லாவே ஒத்து வரும். குளிர்ல எல்சிடி மெதுவாகும்ங்கறது உண்மைதான், ஆனா பெரும்பாலானது மைனஸ் 5 டிகிரி வரைக்கும் தாங்கும், ஏற்காட்டுக் குளிர் அதுகிட்ட எல்லாம் போறதே இல்லை. ஆவி படியறது உங்க மூச்சு. ஹெல்மெட்டை ராத்திரி ஜீப்லயோ ஷெட்லயோ போடாம வீட்டுக்குள்ள வெச்சா கண்ணாடி ஜில்லுனு இருக்காது, பாதி குறையும். மூக்குக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி கூட்டற திருகு தலைப்பட்டையில இருக்கும், அதை ஒரு கண்ணி தள்ளி வைங்க.

வெயில்ல கருக்கறதுக்கு சென்சிட்டிவிட்டியைக் குறைக்கணும், ஆனா ஆர்க் அடிச்சா கருக்குதான்னு ஒரு தடவை உறுதி பண்ணிட்டு வேலையை ஆரம்பிங்க. முதுகுப் பக்கம் வெயில் இருந்தா ஹெல்மெட்டுக்குள்ள வெளிச்சம் பூந்து உங்க மூஞ்சிதான் கண்ணாடியில தெரியும், பின்னாடி ஒரு காட்டன் துண்டைத் தொங்க விட்டுக்கோங்க. இன்னொண்ணு, மழைக்காலத்துல வாரக்கணக்குல வேலை இல்லாம இருட்டுல கிடந்திருந்தா சோலார்ல சார்ஜ் ஆகற ஹெல்மெட் முதல் ஆர்க்குக்கு ஏமாத்திரும். பேட்டரியைக் கழட்டி மாத்தற மாடலா வாங்குங்க, நடுக் காட்டு எஸ்டேட்ல நின்னுக்கிட்டு சேலம் வரைக்கும் இறங்கி வர முடியாதுல்ல.

செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசு பத்த வெக்கிற வேலை. கண்ணு கூசுது, வெல்டிங் ஹெல்மெட் போட்டுக்கலாமா?

வேண்டாங்க. கேஸ் நெருப்புக்கு ஆட்டோ ஹெல்மெட்டை நம்ப முடியாது, கருப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட்ல 10 நம்பர் இருந்தா கொலுசே தெரியாது. ஷேடு 3 போட்ட கண்ணாடி போதும், சின்னச் சின்ன வேலைக்கு 2. அதை விட முக்கியம் பத்த வெக்கிற பொடியில கேட்மியம்ங்கற விஷ உலோகம் இருக்கான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, அந்தப் புகை நுரையீரலையும் கிட்னியையும் கெடுக்கும். இருந்தா மாத்தச் சொல்லுங்க.

ஐடிஐல வெல்டர் டிரேட் படிக்கிறேன். பவர் கண்ணாடி போடறேன். கான்டாக்ட் லென்ஸ் போட்டா வெல்டிங் சூட்டுல உருகி கண்ணுல ஒட்டிக்கும்னு பசங்க சொல்றாங்க. கிரைண்ட் மோடு இருக்கிற ஹெல்மெட் வாங்கினா கிரைண்டிங் கண்ணாடி தனியா வேண்டாம்தானே?

லென்ஸ் உருகி ஒட்டிக்கும்ங்கறது கட்டுக்கதை தம்பி, நம்பாதே. ஆனா பட்டறைத் தூசுக்கு பவர் கண்ணாடியே வசதி, கண்ணாடி போட்டுக்கிட்டே ஹெல்மெட்டை மாட்டிப் பார்த்து இடிக்காததா வாங்கு.

கிரைண்ட் மோடுல ஜாக்கிரதை. அதுல இருக்கும்போது ஆர்க் அடிச்சாலும் ஹெல்மெட் கருக்காது. கிரைண்டிங் முடிச்சுட்டு அதே வேகத்துல ஹோல்டரை எடுத்தா அவ்வளவுதான், பளீர்னு அடிக்கும். பட்டன் வெளியில, கையுறையோட தடவினாலே தெரியற மாதிரி இருக்கிற மாடலா எடு. ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு ஸ்லாக் (வெல்டு மேல படியற கசடு) தட்டும்போது கண்ணுல தெறிக்கும், அதனால உள்ள ஒரு வெள்ளை சேஃப்டி கண்ணாடி எப்பவும் வேணும், உன் பவர் கண்ணாடிக்கு மேலயே போடற மாதிரி கிடைக்குது. முன்னாடி இருக்கிற பிளாஸ்டிக் கவர் லென்ஸ் பொறி பட்டுப் பட்டு புள்ளி புள்ளியாயிரும், அதை மாத்தாம கண்ணைச் சுருக்கிக்கிட்டு அடிக்காதே. ஹெல்மெட் வாங்கற அன்னிக்கே அதே அளவுல அஞ்சாறு கவர் லென்ஸ் சேர்த்து வாங்கிக்கோ, அந்த மாடலுக்கு லென்ஸ் தனியா கிடைக்காதுன்னு கடைக்காரர் சொன்னா வேற மாடலைப் பாரு.