‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். நான்கு வயதில் ஒரு சிட்சு நாய் வளர்க்கிறோம், பெயர் முத்து. அடுத்த மாதம் பினாங்கில் கடலோரமாக, இருவர் மட்டும் தங்கும் ஒரு சின்ன வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம் என்று ஆசை. தெலுக் பாஹாங் பக்கம் ஒரு வீடு பிடித்திருக்கிறது. ‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்று போட்டிருக்கிறார்கள். முன்பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்? முத்துவுக்காக என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: பினாங்கில் செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்குத் திங்கட்கிழமை காலை என்றாலே ஒரு கவலை உண்டு. நீண்ட வாரக் கடைசி முடிந்து ஊர் திரும்ப வேண்டிய வெளியூர் நாய்களில் ஒன்றிரண்டு அன்று கண்டிப்பாக கிளினிக்குக்கு வந்துவிடும். ஒன்று கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடியிருக்கும், இன்னொன்று சாத்தே குச்சியை விழுங்கியிருக்கும். எல்லாமே நாய்க்கு அனுமதி உள்ள வீடுகளில் தங்கிய நாய்கள்தான். அனுமதி என்பது வீட்டுக்காரர் தரும் சம்மதம் மட்டும்தான். அந்த வீடு முத்துவுக்கு ஏற்றதா என்பதை நீங்கள்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கடல் தெரிகிறதா என்பதை அதற்கு அப்புறம் பாருங்கள்.

முதலில் வேலி. ‘வேலி இருக்கிறதா’ என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்டுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று கேளுங்கள். தரையோடு வைத்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். சிட்சுவைப் பார்த்தால் பந்து மாதிரி இருக்கும், ஆனால் பாதி முடிதான். தலை நுழையும் சந்தில் உடம்பும் நுழைந்துவிடும். சில வருடங்களுக்கு முன் நாங்கள் குடும்பத்தோடு ஒரு கடலோர வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். சாமான்களை இறக்கி முடிப்பதற்குள் எங்கள் நாய் கேட்டுக்கு அடியில் வெளியே போய்விட்டது. இரண்டு மணி நேரம் தேடி, பெரிய லோங்காங்குக்குள், அதாவது மழைநீர்ச் சாக்கடைக்குள், நடுங்கிக்கொண்டு நின்றதைக் கண்டுபிடித்தோம். மழை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இத்தனைக்கும் நான் கால்நடை மருத்துவர், இடைவெளியைப் பார்க்க எனக்கே தோன்றவில்லை. அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

அடுத்தது ஏர்கோன். படுக்கையறையில் மட்டும்தானா, முத்து பகலில் இருக்கப்போகும் இடத்திலும் உண்டா? சிட்சு, பக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும், அந்த மூச்சுப்பாதையே அவற்றுக்குக் குறுகல். நாய்க்கு இயல்பான உடம்புச் சூடு 38 முதல் 39.2 பாகை வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தகரக் கூரை, ஒரு மின்விசிறி, அழகான மர வராந்தா உள்ள வீடு உங்கள் இருவருக்கும் போதும். மத்தியானம் இரண்டு மணிக்கு முத்துவுக்குப் போதாது.

தோட்டத்திலோ சமையலறையிலோ எலி மருந்து வைத்திருக்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். கடலோர வீடுகளில் எலி இருக்கும், மருந்து வைப்பதும் சகஜம். நாய் தங்கப்போகிறது என்று சொன்னால் எடுத்துவிடுவார்கள். குளம் இருந்தால் அதைச் சுற்றித் தடுப்பு உண்டா என்றும் கேளுங்கள்.

நீங்கள் பார்த்திருப்பது தனி வீடு போலத் தெரிகிறது. அது கொண்டோவாக இருந்தால் உரிமையாளர் சொல் மட்டும் போதாது. கட்டட நிர்வாகத்துக்குத் தனி விதிகள் உண்டு, காவலாளி கீழேயே தடுத்துவிடலாம். தீவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் குறுகிய நாள் வாடகைக்கு விடுவதற்கே 2023 முதல் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. எந்த வீடாக இருந்தாலும் நாயின் இனம், எடை, கூடுதல் கட்டணம், வைப்புத்தொகை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் சோபா, கதவின் அடிப்பகுதி, மெத்தை மூன்றையும் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

இருவருக்கான சின்ன வீடு என்பதால் இதையும் கேட்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? இதை யோசிக்காமல் வருகிறவர்கள்தான் அதிகம். அங்காடிக் கடைகளிலும் பெரும்பாலான உணவகங்களிலும் நாயை உட்கார வைக்க முடியாது. முத்துவைப் புதிய வீட்டில் தனியாகப் பூட்டிவிட்டு கர்னி டிரைவுக்குக் கிளம்பினால், வாரக் கடைசி நெரிசலில் திரும்பி வர இரண்டு மூன்று மணி நேரமாகும். தெரியாத வாசனை, தெரியாத சத்தம், நீங்களும் இல்லை. குரைக்கும், கதவைப் பிறாண்டும், சில நாய்கள் நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை விடாது. காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது அதைவிட மோசம். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து பாகை ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இராது.

அதனால் இன்றைக்கே வீட்டில் பழக்க ஆரம்பியுங்கள். முத்துவுக்கு ஒரு பயணக் கூண்டு வாங்கி, கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சாப்பாடு போடுங்கள். அதுவாகவே போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகு ஐந்து நிமிடம் கதவைச் சாத்துங்கள், பிறகு கால் மணி, பிறகு அரை மணி. மூன்று வாரம் போதும். பினாங்கில் முதல் நாள் ராத்திரி எங்கும் போக வேண்டாம். வரும் வழியிலேயே நாசி கண்டாரோ மீ கோரெங்கோ தாப்பாவ் பண்ணிக்கொண்டு வந்து வராந்தாவில் சாப்பிடுங்கள். இரண்டாம் நாள் மாலை முத்துவுக்கு நல்ல நடை, பிறகு அதன் சாப்பாடு, பிறகு கூண்டில் நீங்கள் போட்டிருந்த பழைய டீ சட்டை ஒன்று, ஏர்கோன், மூடிய திரை. பத்து நிமிடத் தூரத்தில் ஏதாவது கடையில் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் திரும்புங்கள். வானம் கறுத்தால் அதையும் விட்டுவிடுங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே மழை அதிகம், சாயங்கால இடி சுவரையே அதிர வைக்கும். இடிக்கு மிரளும் நாயைத் தனியாக விடக்கூடாது. பயணம் தீபாவளியை ஒட்டி வந்தாலோ, சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் ராத்திரியில் வந்தாலோ தேதியை மாற்றுங்கள் என்பேன். அந்த ராத்திரி ஹொக்கியன் குடும்பங்கள் வானதேவரை வணங்கி வெடிக்கும் பட்டாசு விடியும்வரை ஓயாது.

சரி, அக்கம்பக்கம். தெலுக் பாஹாங் மீனவக் கம்போங், மலாய்க் குடும்பங்கள் நிறைய. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் முறைப்படி மண் கலந்த நீர் உட்பட ஏழு தடவை கழுவ வேண்டும். இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை, ஆனால் விடுமுறை உற்சாகத்தில் மறந்துவிடுகிறோம். கம்போங் பாதையில் முத்துவைக் குட்டைக் கயிற்றில், உங்கள் காலோடு ஒட்டி நடத்துங்கள். எதிரே பிள்ளைகள் வந்தால் நீங்கள் ஒதுங்கி நில்லுங்கள். வீட்டுக்காரர் தமிழரோ சீனரோ, துப்புரவு செய்ய வரும் அக்கா மலாய்க்காரராக இருக்கலாம். அதனால் அந்த வீட்டுத் தட்டிலோ கிண்ணத்திலோ முத்துவுக்குச் சாப்பாடு வைக்காதீர்கள். அதன் கிண்ணம், விரிப்பு, துண்டு எல்லாம் உங்கள் வீட்டிலிருந்தே வரட்டும். கிளம்பும் முன் முடியை நீங்களே கூட்டி அள்ளிவிடுங்கள். ஒருவர் இப்படி நடந்துகொண்டால்தான் அடுத்து நாயோடு வருகிறவருக்கும் அந்த வீடு கிடைக்கும்.

கடற்கரை விஷயத்தில் ஓர் ஏமாற்றத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். தெலுக் பாஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. பத்து ஃபெரிங்கி மணலில் குதிரைச் சவாரி, பாராசெயிலிங், ஜெட் ஸ்கீ என்று பகலெல்லாம் ஆரவாரம். குதிரையைப் பார்த்தே இராத சின்ன நாய் அதன் காலுக்கடியில் ஓடக்கூடும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் போய் வந்துவிடுங்கள். புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் முத்துவின் பாதமும் பொறுக்காது.

மணலில் கயிற்றை அவிழ்க்காதீர்கள். ஒதுங்கிக் கிடப்பவைதான் பயம். சொறிமீன் எனப்படும் ஜெலி மீன் செத்துக் கிடந்தாலும் கொட்டும், பினாங்குக் கடலில் பெட்டி ஜெலி மீனும் உண்டு. பட்டுவிட்டால் குச்சியால் இழைகளை எடுத்துவிட்டு, கடல் தண்ணீரால் அலசி, உடனே கிளினிக்குக்கு வாருங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் மிச்சமிருக்கும் கொடுக்குகளும் வெடிக்கும். பந்து மாதிரி உப்பிய இக்கான் புந்தல் மீன் கிடந்தால் முத்துவை முகரக்கூட விடாதீர்கள், அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. தூண்டில்காரர்கள் விட்டுப்போன இரை கோர்த்த முள்ளும் அப்படித்தான். நாய் முள்ளை விழுங்கி, தூண்டில் நரம்பு வாய்க்கு வெளியே தொங்கினால் இழுத்துவிடாதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். கடல் தண்ணீரை நக்கிக் குடித்தால் முதலில் வயிற்றுப்போக்கு, அதிகமானால் வலிப்பு வரை போகும். போத்தலில் குடிதண்ணீர் எடுத்துப்போய்ப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீட்டுங்கள்.

பிறகு நம் சாப்பாடு. இப்படிப்பட்ட வீடுகளில் பார்பெக்யூ அடுப்பு இல்லாமல் இருக்காது. சாத்தே குச்சியில் இறைச்சிச் சாறு ஊறியிருக்கும், நாய் அதை முழுசாக விழுங்கும், குச்சி குடலைக் குத்தித் துளைக்கும். சோளக் கட்டை குடலை அடைக்கும். மே மாதத்திலிருந்து ஜூலை வரை பாலிக் பூலாவ் டுரியான் பருவம். தின்றுவிட்டு வீசிய கொட்டையை வயிற்றைத் திறந்து எடுத்த அனுபவம் எனக்கு உண்டு, ரம்புத்தான் கொட்டையும் அதே கதைதான். எதைத் தின்றாலும் மிச்சத்தை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். குரங்குகள் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, அந்த மலையடிவாரம் முழுக்க அவைதான். கூட்டமாக வந்தால் முத்துவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுங்கள்.

பயணத்துக்கு வருவோம். 350 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெர்ரியில் கார் ஏற்றிய காலம் 2020-ஓடு முடிந்தது, பாலம்தான் வழி. கிளம்புவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். தாப்பா, சுங்கை பேராக் ஆர் அண்ட் ஆர் ஓய்விடங்களில் நிறுத்தினால் ஒருவர் நாயோடு, ஒருவர் கழிப்பறைக்கு என்று மாறி மாறிப் போங்கள். வாந்தி எடுக்கிறதே என்று மெடிக்கேட்டட் ஆயில், கற்பூரத் தைலம் எதையும் மூக்கிலோ வயிற்றிலோ தடவிவிடாதீர்கள். நக்கினால் அது நாய்க்கு விஷம். பனடோல், இபுப்ரோஃபென் போன்ற நம் மாத்திரைகளும் வேண்டாம். வாந்திக்கு உங்கள் டாக்டரிடமே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படிப் போகும்போதே மூன்று விஷயத்தை முடித்துவிடலாம். வெறிநாய்த் தடுப்பூசி தேதி கடந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். 2013-இல் வெறிநோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்ட மலேசியாவில் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது திரும்ப வந்தது. தெருநாய்கள் கொல்லப்பட்ட அந்த மாதங்களை இங்கே நாய் வளர்ப்பவர்கள் யாரும் மறக்கவில்லை. தடுப்பூசி அட்டையும் நாய் லைசென்ஸும் காரில் இருக்கட்டும். இரண்டாவது, எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோ நோய்க்கான தடுப்பூசி. மூன்றாவது, உண்ணி மாத்திரை. ஒரு மாதம் தாங்குவதும் உண்டு, மூன்று மாதம் தாங்குவதும் உண்டு. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். கூடவே, ராத்திரியிலும் திறந்திருக்கும் கிளினிக் எண் ஒன்றைக் கைப்பேசியில் போட்டு வையுங்கள். தெலுக் பாஹாங்கிலிருந்து ஜோர்ஜ்டவுன் சுமார் இருபது கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுப் பாதை, வாரக் கடைசியில் ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த நேரத்தில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

இத்தனையும் படித்துப் பயந்துவிடாதீர்கள், வாருங்கள். நான்கு வயது, ஆரோக்கியமான நாய், முன்கூட்டியே கேட்கும் எஜமானி, முத்து கொடுத்து வைத்த நாய்தான். இதய நோயோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும், அதற்குப் பழக்கமானவர் வீட்டில் விட்டுவிட்டு வருவதே அதற்குச் செய்யும் அன்பு.

ஊர் திரும்பிய ராத்திரியே காது, அக்குள், கால்விரல் இடுக்கு எல்லாவற்றிலும் விரலால் தடவி உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் முத்து சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ, ஈறு வெளிறினாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பினாங்கில் கடலோர வீட்டில் தங்கி வந்தோம் என்பதை டாக்டரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.